ஒத்திகையில் எழும் குழு: பாவலர் சகோதரர்களும் தென்மாவட்ட மெல்லிசை மேடைகளும்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே சுமார் 12 கிலோமீட்டர்தான். இரண்டுக்கும் மேற்கே ஒரே மலைத்தொடர். ஒன்று பஞ்சாலைகளின் ஊர், மற்றொன்று ஆண்டாள் கோயிலின் ஊர். பங்குனி, சித்திரை, ஆடி என்று திருவிழாக் காலம் வந்துவிட்டால் இந்த வட்டாரத்தில் சுவர் எல்லாம் நோட்டீஸ்தான். 'மாபெரும் இன்னிசைக் கச்சேரி' என்ற தலைப்பு, அதன் கீழே குழுவின் பெயர், அதன் கீழே பாடகர்களின் படங்கள்.

அந்தப் படங்களில் இருப்பவர்களில் பலர் முழுநேரப் பாடகர்கள் அல்ல. பகலில் மில்லிலோ, கடையிலோ, பள்ளிக்கூடத்திலோ, அலுவலகத்திலோ வேலை. இரவில் மேடை. இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில் ஒத்திகை. மேடையை எல்லாரும் பார்க்கிறார்கள். ஒத்திகையை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் ஒரு குழு நிலைப்பதும் கலைவதும் ஒத்திகையில்தான் முடிவாகிறது!

இதற்குத் தமிழ்நாட்டில் சிறந்த உதாரணம் ஒன்று உண்டு. அது ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்கு அந்தப் பக்கம், கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள பண்ணைப்புரத்தில் தொடங்கிய கதை. பாவலர் சகோதரர்கள் குழுவின் கதை.

பிறப்பால் வந்த பாட்டும் பழகி வந்த பாட்டும்

தமிழ்நாட்டில் பாடுவதும் வாசிப்பதும் நெடுங்காலம் பரம்பரைத் தொழிலாகவே இருந்தன. ஸ்ரீவில்லிபுத்தூரையே எடுத்துக்கொள்வோம். திவ்யப் பிரபந்தத்தைத் தாளத்தோடும் அபிநயத்தோடும் பாடும் அரையர் சேவை தமிழ்நாட்டில் ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற ஒரு சில கோயில்களில்தான் இன்றும் நடக்கிறது. அதைச் செய்பவர்கள் அந்தந்த அரையர் குடும்பத்தினர். தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் கலை அது. நாதஸ்வரம், தவில் கலைஞர்களும் பெரும்பாலும் அப்படித்தான் வந்தார்கள்.

மெல்லிசைக் குழு அப்படிப்பட்டது அல்ல. அதில் சேர யாருடைய மகனாகவும் இருக்க வேண்டியதில்லை. காது இருந்தால் போதும், பொறுமை இருந்தால் போதும். இந்தக் கதவைத் திறந்துவிட்டதில் பெரிய பங்கு ஆர்மோனியத்துக்கு உண்டு. ஐரோப்பாவில் பிறந்து, நம் ஊருக்கு வந்து, தரையில் உட்கார்ந்து வாசிக்கும்படி உருமாறிய கருவி. ஸ்பெஷல் நாடக மேடையில் அதற்கு ராஜ மரியாதை. ஆனால் அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்துக்குத் தடை விதித்தது. நம் இசையின் கமகங்களை அதில் கொண்டுவர முடியாது என்பது வாதம். அந்தத் தடை 1971இல்தான் தளர்ந்தது.

இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில், வானொலியில் இடம் கிடைக்காத அந்தப் பெட்டி ஊர் ஊராகத் தெருமேடையில் ஒலித்துக்கொண்டிருந்தது. அப்படி அதைச் சுமந்து திரிந்தவர்களில் ஒருவர்தான் பாவலர் வரதராஜன்.

அண்ணன் தொடங்கிய குழு

பண்ணைப்புரம் அன்று மதுரை மாவட்டத்தில் இருந்த சிற்றூர், இப்போது தேனி மாவட்டம். வரதராஜன் சொந்தமாகப் பாட்டுக் கட்டுவார், பாடுவார், ஆர்மோனியமும் வாசிப்பார். கம்யூனிஸ்ட் கட்சியின் கூட்டங்களுக்குப் பாடுவது அவருடைய முக்கிய வேலை. தம்பிகள் பாஸ்கர், ராஜையா, அமர்சிங் மூவரும் ஒவ்வொருவராக அவரோடு சேர்ந்தார்கள். ராஜையாதான் பிற்காலத்து இளையராஜா. அமர்சிங்தான் கங்கை அமரன்.

இந்தக் குழுவின் ஆரம்ப காலத்தோடு சேர்த்துப் பேசப்படுவது தேவிகுளம் இடைத்தேர்தல். கேரளத்தில் 1957இல் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் கம்யூனிஸ்ட் ஆட்சி அமைந்தது. 126 இடங்களில் கட்சிக்கு 60, ஆதரவு சுயேச்சைகள் 5. அவ்வளவு மெல்லிய பெரும்பான்மை! அந்த நிலையில் தேவிகுளத்தில் ரோசம்மா புன்னூஸ் பெற்ற வெற்றி செல்லாது என்று தீர்ப்பாகி, 1958இல் இடைத்தேர்தல் வந்தது. தேவிகுளம் தேயிலைத் தோட்டங்களின் நாடு. தோட்டத் தொழிலாளிகளில் பெரும்பகுதியினர் தமிழர்கள். மலையாளத்தில் பேசி அவர்களை எட்ட முடியாது. மலையடிவாரத்துப் பாவலரின் தமிழ்ப் பாட்டு எட்டியது. ரோசம்மா மீண்டும் வென்றார்.

ஒரு ஆர்மோனியமும் சில குரல்களும் ஓர் ஆட்சிக்குத் தேவையான தொகுதியில் பிரசாரம் செய்தன என்பதை நினைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. ஆனால் அந்த வெற்றியால் குழுவுக்கு வசதி ஒன்றும் வந்துவிடவில்லை. கட்சி மேடையில் கிடைத்தது பெரும்பாலும் கைதட்டலும் சாப்பாடும் வழிச்செலவும்தான்.

விழுந்ததும் எழுந்ததும்

1943இல் பிறந்த ராஜையா 14 வயதில் அண்ணன் குழுவுக்கு வந்தார். அண்ணனுக்கு உடல்நலம் சரியில்லாத ஒரு சமயத்தில் துணைக்குப் போனதுதான் தொடக்கம். குழுவின் முதல் சறுக்கல் அது. முக்கியப் பாடகரால் முடியவில்லை. வேறு குழுவாக இருந்தால் நிகழ்ச்சியை ரத்து செய்திருக்கும். இங்கே வீட்டில் பாட்டைக் கேட்டுக் கேட்டு மனப்பாடமாகியிருந்த ஒரு சிறுவன் இருந்தான். உடையாத இளங்குரல் என்பதால் பெண் குரலில் பாட அவனையே நிறுத்தினார்கள். கூட்டத்துக்குப் பிடித்துப்போனது.

அடுத்த சறுக்கல் இயற்கையாகவே வந்தது. வயது ஏற ஏறக் குரல் உடைந்தது. நேற்று வரை கைதட்டிய கூட்டம் இன்று கேலி செய்தது. அமெச்சூர் குழுக்களில் இளங்குரலில் பாடும் பையன்களுக்கு நேரும் விபத்து இது. பலர் இந்த இடத்தில் பாட்டையே விட்டுவிடுவார்கள்.

ராஜையா ஆர்மோனியத்தின் பக்கம் திரும்பினார். அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. அண்ணன் தன் ஆர்மோனியத்தைத் தம்பிகள் தொட விடமாட்டார். தொட்டால் கையில் அடி விழும்! அண்ணன் இல்லாத நேரம் பார்த்துத்தான் பழகினார். யாரும் ஏற்பாடு செய்யாத, யாருக்கும் தெரியாத ஒத்திகை அது. குரல் கைவிட்ட நாளில் விரல்கள் தயாராக இருந்தன. அண்ணன் அடித்துக் காத்த அந்த ஆர்மோனியத்தை இளையராஜா பல பத்தாண்டுகள் கழித்தும் தன் கச்சேரி மேடைகளுக்கு எடுத்து வந்திருக்கிறார்.

குழு தென்னிந்தியா முழுவதும் சுமார் பத்து ஆண்டுகள் சுற்றியது. இந்தக் காலத்தில்தான் அவர் முதன்முதலாக மெட்டமைத்தார். 1964 மே மாதம் நேரு மறைந்தபோது கண்ணதாசன் எழுதிய இரங்கற்பாவுக்கு இசை அமைத்தார். அதுவரை மற்றவர்களின் மெட்டை வாசித்த குழுவிலிருந்து ஒரு புது மெட்டு பிறந்தது.

இளையராஜா தன் மேடை அனுபவங்களைச் சொல்லும்போது ஒரு விஷயத்தைக் குறிப்பிடுவதுண்டு. சினிமாப் பாட்டை வாசித்ததும் கூட்டம் ஆரவாரம் செய்யும். முதலில் அது தனக்குக் கிடைத்த பாராட்டு என்று நினைத்தாராம். பிறகுதான் அது அந்த மெட்டைப் போட்டவருக்குச் சேர வேண்டியது என்று புரிந்ததாம். மெல்லிசைக் குழுவில் இருக்கும் ஒவ்வொருவரும் ஒருநாள் சந்திக்க வேண்டிய உண்மை இது. அது சிலரைச் சோர்வடையச் செய்யும். சிலரைச் சொந்த மெட்டுக்குத் தள்ளும்.

விற்கப்பட்ட ரேடியோ

அறுபதுகளின் இறுதியில் தம்பிகள் சென்னைக்குக் கிளம்பினார்கள். கையில் காசில்லை. தாய் சின்னத்தாயம்மாள் வீட்டிலிருந்த ரேடியோவை விற்று வந்த 400 ரூபாயை அப்படியே பிள்ளைகளிடம் கொடுத்தார். ஒரு மெல்லிசைக் குழுவுக்கு ரேடியோ என்றால் சும்மா அல்ல. புதுப்பாட்டு வந்து சேரும் வழியே அதுதான். டேப் ரெக்கார்டர் பரவாத காலத்தில் ரேடியோவில் ஒருமுறை வரும்போது ஒருவர் வரிகளை எழுத, மற்றவர் மெட்டைப் பிடிக்க வேண்டும். குடும்பத்தின் பாடப்புத்தகத்தையே அந்தத் தாய் விற்றார் என்று சொல்லலாம்.

சென்னையில் 1968 முதல் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசைப் பாடம். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிதார் தேர்வில் தங்கப் பதக்கம். இன்னொரு பக்கம் எஸ்.பி.பாலசுப்ரமணியம் நடத்திய மெல்லிசைக் குழுவில் இடம். அந்தக் குழுவில் அனிருத்தா ஆர்மோனியம், இளையராஜா கிதார், பின்னர் ஆர்மோனியம், பாஸ்கர் தாளக் கருவிகள், கங்கை அமரன் கிதார். பிற்காலத்தில் தமிழ் சினிமாவையே ஆண்டவர்கள் ஒரே குழுவாக மேடை மேடையாகப் போய்க்கொண்டிருந்தார்கள்!

பிறகு இசையமைப்பாளர் ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளர் வேலை. அங்கே தான் எழுதிப் பார்த்த இசையைக் கேட்க அவருக்கு ஆசை. சொந்தமாக வாத்தியக்காரர்களை அமர்த்தப் பணம் இல்லை. அதனால் ஒலிப்பதிவுக்கு வந்த கலைஞர்களை இடைவேளையில் கெஞ்சிக் கேட்டு, தன் தாள்களைக் கொடுத்து வாசிக்கச் சொல்வார். டீ குடிக்கும் நேரத்தில் கிடைத்த ஒத்திகை அது. 1976இல் 'அன்னக்கிளி' வந்தபோது தமிழ்நாடு அதைப் புதிய இசை என்றது. அதற்குப் பின்னால் ஏறத்தாழ இருபது ஆண்டு ஒத்திகை இருந்தது.

அந்த வெற்றியைப் பார்க்கப் பாவலர் வரதராஜன் உயிரோடு இல்லை. குழுவைத் தொடங்கியவர், தம்பிகளுக்கு மேடை கொடுத்தவர் அவர். ஆனால் இன்று பலருக்கு அவர் 'இளையராஜாவின் அண்ணன்' மட்டும்தான். அமெச்சூர் குழுக்களின் வரலாற்றில் இதுதான் பெரிய சோகம். மேடையில் பாடிய இரவுகள் இசைத்தட்டில் ஏறுவதில்லை.

கடல் கடந்து ஒரு பார்வை

இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. ராஜையா அண்ணனோடு மேடை ஏறத் தொடங்கிய அதே காலத்தில், 1957 ஜூலை 6 அன்று, இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் உல்டன் என்ற பகுதியில் ஒரு சர்ச் திருவிழா. அதில் 'குவாரிமென்' என்ற பள்ளிப் பையன்களின் குழு வாசித்தது. குழுவின் பெயர் அவர்கள் படித்த பள்ளியின் பெயரிலிருந்து வந்தது. துணி துவைக்கும் பலகையும் தேயிலைப் பெட்டியில் கம்பு கட்டிச் செய்த பேஸும்தான் அவர்களின் வாத்தியங்களில் சில. அன்று அங்கே ஜான் லெனனைப் பால் மெக்கார்ட்னி முதன்முதலில் சந்தித்தார். அந்தக் குழுதான் பின்னால் பீட்டில்ஸ் ஆனது.

அங்கே சர்ச் திருவிழா, இங்கே கட்சிக் கூட்டமும் கோயில் கொடையும். இரண்டிலும் காசு கொடுத்து டிக்கெட் வாங்காத கூட்டம்தான் முதல் ரசிகர்கள். பிடிக்கவில்லை என்றால் எழுந்து போய்விடும் கூட்டம். அதைவிடக் கண்டிப்பான வாத்தியார் கிடையாது.

எங்கே ஒத்திகை பார்ப்பது?

எந்த அமெச்சூர் குழுவுக்கும் முதல் பிரச்சினை இடம். வீட்டில் டிரம்ஸ் வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். மண்டபத்துக்கு வாடகை கட்டுப்படியாகாது.

கலைக்கு ஓர் இடம் வேண்டும் என்பதை ராஜபாளையத்தில் ஒருவர் நன்றாக உணர்ந்திருந்தார். அவர் பூ.ச.குமாரசாமி ராஜா. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல்வர். 1952 தேர்தலில் தோற்றார். பின்னர் ஒரிசாவின் ஆளுநரானார். 1957இல் மறைந்தார். ராஜபாளையத்தில் இருந்த தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டவர் அவர். முதல்வராக இருந்த ஒருவர் தன் வீட்டைக் கலைக்காக எழுதி வைத்தார் என்பது அந்த ஊர் மாணவர்கள் எல்லாரும் அறிய வேண்டிய செய்தி.

இரண்டாவது பிரச்சினை நேரம். மில்லில் ஷிப்ட் பார்க்கும் தபலாக்காரருக்கு இந்த வாரம் பகல், அடுத்த வாரம் இரவு. ஆசிரியராக இருக்கும் பாடகருக்குத் தேர்வு நேரம். ஐந்து பேரும் ஒன்றாக உட்காருவதே ஒரு சாதனை!

மூன்றாவது சுருதி. ஆண் பாடகருக்குப் பொருந்தும் கட்டை பெண் பாடகருக்குப் பொருந்தாது. சினிமாவில் பாடியவரின் உயரத்தில் உள்ளூர்ப் பாடகரால் பாட முடியாது. அரைக் கட்டை இறக்கினால் கீபோர்டுக்காரர் விரலை மாற்றிப் பழக வேண்டும். ஒரு பாட்டின் இடையிசையில் புல்லாங்குழல், வயலின் கூட்டம், வீணை என்று இருபது முப்பது பேர் வாசித்திருப்பார்கள். அதை நான்கு பேர் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று தீர்மானிப்பதில்தான் குழுவின் திறமை தெரியும்.

நான்காவது பணம். விழாக் கமிட்டி அட்வான்ஸ் கொடுக்கும். மீதி கச்சேரி முடிந்ததும் என்பார்கள். மைக் செட், வேன் வாடகை, சாப்பாடு போக மிஞ்சுவதைப் பிரித்தால் ஆளுக்குச் சொற்பம். இதில் 'யாருக்கு எவ்வளவு' என்ற கேள்வி வந்த குழுக்கள் பல அதோடு உடைந்தன. நல்ல பாடகரை வேறு குழு கொத்திக்கொண்டு போவதும் வாடிக்கை.

மாறிய காலம், மாறிய சட்டம்

எண்பதுகளில் கேசட் வந்தது. ரேடியோவுக்குக் காத்திருந்த காலம் போய், ஒரே பாட்டை நூறு முறை ஓடவிட்டுப் பழகலாம் என்றானது. பிறகு எலக்ட்ரானிக் கீபோர்டும் ரிதம் பேடும் வந்தன. ஒரு பெட்டிக்குள் நூறு வாத்தியங்கள். குழுக்கள் சிறியதாயின. வயலின்காரரும் புல்லாங்குழல்காரரும் மெல்ல மேடையிலிருந்து இறங்கினார்கள். கரோக்கி வந்தபின் பாடகர் மட்டும் போதும் என்ற நிலையும் வந்தது.

விடிய விடிய நடந்த கச்சேரிகளுக்கு முற்றுப்புள்ளி வைத்தது சட்டம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளி ஒலிபெருக்கிக்குத் தடை விதித்தன. திருவிழாக்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்வு தரலாம். 2005இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. தூங்குபவர்களுக்கு இது நியாயம். குழுக்களுக்கோ முப்பது பாட்டு பாடிய இடத்தில் பதினைந்து.

இன்னொரு கேள்வி, மற்றவர் பாட்டைப் பாட அனுமதி வேண்டுமா? 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் அமெச்சூர் சங்கங்களுக்கு ஒரு சலுகை தருகிறது. கட்டணம் வாங்காத கூட்டத்தின் முன்போ, ஒரு மத நிறுவனத்தின் நலனுக்காகவோ அவர்கள் பாடினால் அது உரிமை மீறல் ஆகாது. டிக்கெட் விற்கும் பெரிய கச்சேரிகளின் கதை வேறு. 2017 மார்ச்சில் எஸ்.பி.பி. வெளிநாட்டில் கச்சேரி செய்துகொண்டிருந்தபோது இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. ஒரு காலத்தில் ஒரே குழுவில் வாசித்த இருவர்! நாடே இரண்டு பட்டுப் பேசியது. இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. மெட்டைப் போட்டவருக்கும் உரிமை உண்டு. அதை மேடை மேடையாக உயிரோடு வைத்திருப்பவருக்கும் உரிமை உண்டு. 2019 ஜூன் 2 அன்று இளையராஜாவின் பிறந்தநாள் கச்சேரியில் எஸ்.பி.பி. மீண்டும் வந்து பாடினார். அடுத்த ஆண்டு செப்டம்பர் 25இல் அவர் மறைந்தார்.

அதே 2020இல் கொரோனா வந்து திருவிழாக்கள் நின்றன. சித்திரையிலும் ஆடியிலும் கிடைப்பதை வைத்து ஆண்டை ஓட்டும் கலைஞர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மாலை

2024 டிசம்பர் 15. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலின் ஆடிப்பூரக் கொட்டகையில், இளையராஜா இசையமைத்த 'திவ்ய பாசுரம்' நாட்டிய நிகழ்ச்சியாக அரங்கேறியது. மலைக்கு அந்தப் பக்கம் கட்சிப் பாட்டில் தொடங்கிய பயணம், இந்தப் பக்கம் ஆழ்வார் பாசுரத்தில் வந்து நின்றது.

அன்றைய இசையைவிட அதிகம் பேசப்பட்டது வேறொன்று. அர்த்த மண்டபத்துக்குள் நுழைந்த அவரை வெளியே நிற்கச் சொன்ன காட்சி பரவி விவாதம் வெடித்தது. அர்ச்சகர், மடாதிபதி தவிர வேறு யாரும் அங்கே நுழைவது மரபில்லை என்று அறநிலையத்துறை தரப்பு விளக்கியது. தன்னைப் பற்றிப் பொய்ச் செய்தி பரப்புகிறார்கள் என்றும், தன்மானத்தை விட்டுக்கொடுப்பவன் தான் அல்ல என்றும் இளையராஜா மறுநாள் தெரிவித்தார். விவாதம் அதோடு அடங்கவில்லை. பிறப்பால் வந்த இடத்துக்கும் பழகிப் பெற்ற இடத்துக்கும் நடுவே உள்ள கோடு இன்னும் அழியவில்லை என்று பலர் எழுதினார்கள்.

அடுத்த மூன்றே மாதத்தில், 2025 மார்ச் 8 அன்று, லண்டனில் அவருடைய 'வேலியண்ட்' சிம்பொனி அரங்கேறியது.

எல்லாக் குழுவிலிருந்தும் ஓர் இளையராஜா வரமாட்டார். வரவேண்டும் என்ற அவசியமும் இல்லை. பாவலர் சகோதரர்களின் கதையில் திரும்பத் திரும்ப நடப்பது ஒன்றுதான். அண்ணன் படுத்தபோது தம்பி பாடினார். குரல் போனபோது விரல் வந்தது. காசு இல்லாதபோது ரேடியோ போனது. ஒவ்வொரு முறை குழு விழுந்தபோதும், யாரோ ஒருவர் யாரும் பார்க்காத நேரத்தில் பழகி வைத்திருந்தார்.

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ அடுத்த திருவிழாவில் ஏதாவது ஒரு குழு மேடை ஏறும். பாட்டு நடுவில் மைக் கரகரக்கும், பாடகருக்கு வரி மறக்கும், கீபோர்டுக்காரர் சட்டென்று அந்த வரியை வாசித்துக் காப்பாற்றுவார். கூட்டத்தில் பலர் அதைக் கவனிக்கவே மாட்டார்கள். கவனித்தவர்கள் பாடகரோடு சேர்த்து அவருக்கும் ஒரு கைதட்டல் கொடுக்கலாம். அந்த ஒரு வரிக்காக அவர் எத்தனை இரவு தூக்கம் கெட்டாரோ!